எளிது முதல் நடுத்தரம்

சைதாப்பேட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்
இரண்டாம் மாடியில் இருக்கின்றன எங்கள் மலைகள்.
பதினேழு ஒருநாள் நடைகள்.
ஒவ்வொன்றையும் எழுதியது நான்தான்:
எத்தனை கிலோமீட்டர், கழிப்பறை எங்கே,
மதியம் புளிசாதமா தயிர்சாதமா.
முதலாளி ஃபெலிக்ஸ் நடந்துவிட்டு வந்து சொல்வார்,
நான் தட்டச்சுவேன்.
எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே வரி:
எளிது முதல் நடுத்தரம்.

நான் ஏறிய மலை பரங்கிமலை.
படிக்கட்டு உண்டு.
உச்சியில் நின்று
விமானம் தலையை உரசிப் போவதைப் பார்த்தோம்,
கல்யாணமான புதிதில்.
இறங்கி வந்து கரும்புச்சாறு குடித்தோம்.
அவ்வளவுதான் என் மலை.

ஐப்பசி சனிக்கிழமை, மணி மூன்றிருக்கும்.
"மேடம், அம்பத்தூர் குரூப் பேசறோம்."
ஆறு பேர். பட்டியல் என்னிடம் இருந்தது.
கோவர்த்தனம், வயது ஐம்பத்தெட்டு, முழங்கால் பட்டை.
அவர் மைத்துனி ஒருத்திக்குக் கணுக்கால் பிசகி
வழிகாட்டி போஜன் அவளைத் தாங்கி
ஊருக்குத் திரும்பிவிட்டான்.
மற்றவர்களை நேராகப் போகச் சொன்னானாம்.
"தேயிலைக்குள்ள நேரா எது மேடம்?"

நியாயமான கேள்வி.

ஃபெலிக்ஸ் வேறொரு பள்ளத்தாக்கில், சிக்னல் இல்லாமல்.
என் திரையில் ஒரு பச்சைத் திட்டு,
அதில் தலைமுடி விழுந்ததுபோல் ஒரு கோடு.
"என்ன தெரியுது சார்?"
"பனி."
"அப்புறம்?"
"பனிதாம்மா."

"ஏதாவது சத்தம்?"
அவர் பதில் சொல்லவில்லை.
போனைக் கையில் பிடித்து
பள்ளத்தின் பக்கம் நீட்டியிருக்க வேண்டும்.
நான் ஃபேனை அணைத்தேன்,
ஜன்னலைச் சாத்தினேன்,
ஹாரன் நுழைந்த காதில் விரலை விட்டேன்.
வந்தது.
பக்கத்து ஃபிளாட்டில் யாரோ
குழாயை மூட மறந்ததுபோல.
யாராவது போய் மூடுங்களேன் என்றுதான்
முதலில் தோன்றியது எனக்கு.
மெட்ராஸ் புத்தி.

"எந்தக் காதுல சார் பெரிசா கேக்குது?"
"வலது."
"அந்தப் பக்கமே இறங்குங்க.
செடிக்குள்ள பூராதீங்க, பாதையிலயே."

போனை வைக்கவில்லை.
ஐந்து பேர் மூச்சு வாங்குவது
என் மேசைமேல் கேட்டுக்கொண்டே இருந்தது.
யாரோ வழுக்கினார்கள், யாரோ சிரித்தார்கள்,
ஒருவர் முருகா என்றார்.
பம்ப்ஹவுஸ் வரும் என்றேன். வரவில்லை.
தகரக்கூரை வரும் என்றேன்.
ஒரு நாய் வந்தது.

நாய்க்குப் பின்னால் ஒரு பெண்குரல்.
போன் கை மாறியது.
"யாருங்க நீங்க?"
"மெட்ராஸ்லேர்ந்து வழி சொல்றேன்."
"இங்க வந்திருக்கீங்களா?"
"இல்ல."
கொஞ்ச நேரம் ஆற்றுச் சத்தம் மட்டும்.
"கொழுந்து மூட்டையை எடை போட்டுட்டு
வீட்டுக்குப் போற வழி இது.
இதை நடக்கவா காசு குடுத்து வந்திருக்காக?"
ஆயிரத்து நானூற்றைம்பது, புளிசாதம் உட்பட.
சொல்லவில்லை.
"அட்டைக்கு உப்புகூடக் குடுத்து விடல.
சரி, வைங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."
பேர் கேட்டேன். பேச்சியாயி என்று விழுந்தது.
ராக்காயியாகவும் இருக்கலாம்.
லைன் சரியில்லை.

ஏழு மணிக்கு மழை விட்டது.
பாலத்தின் மேல் வீட்டுக்கு நடந்தேன்.
கீழே அடையாறு, ஆகாயத்தாமரையைத் தள்ளிக்கொண்டு
கிழக்கே போய்க்கொண்டிருந்தது.
பன்னிரண்டு வருடமாகக் கடக்கிறேன்,
மூக்கைப் பொத்திக்கொண்டு.
அன்றைக்கு நின்று
வலது காதைக் கொடுத்தேன், பிறகு இடது.
பஸ். ஆட்டோ. பூக்காரி கூவுவது.
பைக்கை நிறுத்தி ஒரு பையன் கேட்டான்,
"அக்கா, ஏதாவது விழுந்துடுச்சா?"

திங்கட்கிழமை நாலாம் எண் நடையைத் திறந்து
அடிவரியை அழித்துவிட்டு எழுதினேன்:
பனி இறங்கினால் நில்லுங்கள்.
ஆறு எந்தக் காதில் கேட்கிறதோ அந்தப் பக்கம்.
உப்பு கொண்டு வரவும்.

ஃபெலிக்ஸ் படித்தார்.
முதல் இரண்டையும் எடுத்துவிட்டார்.
உப்பை விட்டுவைத்தார்.